காளை போட்டுப் பார்த்த கிரீடம்

என் அக்கா கருத்தம்மாளுக்குக் கை சும்மா இருக்காது. இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். சின்ன வயதில் அந்தக் கையால் பாடுபட்டவன் நான். என் பம்பரத்தை அறுத்து வண்டிக்குச் சக்கரம் பண்ணினாள். அப்பா சந்தைக்குக் கொண்டுபோகிற குடையைப் பிரித்துப்போட்டு, கம்பி எப்படி விரிகிறது என்று பார்த்தாள். பார்த்தது சரி, திரும்ப மாட்டத் தெரியவில்லை. அடி விழுந்தது எனக்கு. பக்கத்தில் இருந்தவன் ஏன் தடுக்கவில்லை என்று அப்பா கேட்டார். அவளை யாரால் தடுக்க முடியும்?

சோளத்தட்டையில் பல்லக்கு செய்வாள். தேங்காய்த் தொட்டியில் தராசு செய்வாள். செய்து முடித்ததும் யார் கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிடுவாள். அதில்தான் எனக்குக் கோபம் வரும். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்றாள் அம்மா. சரியாகவில்லை, நல்லவேளை.

எங்கள் ஊர் சின்னமனூருக்குப் பக்கம். அக்காவை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருசம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் கொடுத்தோம். மாப்பிள்ளை பெயர் கர்ணன். எனக்கு மச்சான். பெயரில்தான் வில்லும் அம்பும். ஆள் வாயில்லாப் பூச்சி. அந்த வீட்டில் பேச்செல்லாம் அவருடைய அண்ணன் சின்னச்சாமிக்குத்தான். சின்னச்சாமி கெட்டவர் இல்லை. உழைக்கிற கையிலிருந்து நெல் வரவேண்டும், பருத்தி வரவேண்டும், வேறெது வந்தாலும் அது விளையாட்டு என்பது அவர் கட்சி. அவ்வளவுதான்.

அந்த வீட்டு வயல் கண்மாய்க்குக் கீழே. பெரியாற்றுத் தண்ணீர் வந்து கண்மாய் நிறைந்தால் கரையோரத்தில் நெட்டி முளைக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது தண்ணீரில் வளரும் செடி, பார்க்க ஒன்றுமே இருக்காது. தண்டை வெட்டி நிழலில் காயவைத்து மேல்தோலைச் சீவினால் உள்ளே பாலாடை மாதிரி வெள்ளையாக இருக்கும். உள்ளங்கையில் வைத்தால் வைத்ததே தெரியாது. எங்கள் பக்கம் மாட்டுப் பொங்கலுக்கு அதைத்தான் துண்டு துண்டாக நறுக்கி, சாயத்தில் முக்கி, மாலையாகக் கோத்து மாடுகளுக்குக் கட்டுவோம். அந்தந்த வீட்டு மாட்டுக்கு அந்தந்த வீட்டிலேயே கோக்க வேண்டும். விலைக்கு வாங்கிக் கட்டினால் மாட்டை மதிக்காத வீடு என்று பேசுவார்கள்.

அக்காவுக்கு இது போதாதா? நெட்டியைக் கண்ட நாளிலிருந்து அவள் வேறு எதையும் தொடவில்லை. மற்ற வீட்டு மாடுகள் உருண்டையும் சக்கரமும் கட்டிக்கொண்டு தெருவில் வந்தால், இந்த வீட்டு மாடுகள் கிளியும் தாமரையும் கட்டிக்கொண்டு வரும். தாமரை என்றால் ஒன்று மொட்டு, ஒன்று பாதி விரிந்தது, ஒன்று முழுக்க விரிந்தது. மாட்டைப் பார்க்க வேண்டிய ஊர், மாட்டின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. வருசத்துக்கு ஒரு நாள். மறுநாள் அந்த மாடுகளே அவ்வளவையும் மென்று தின்றுவிடும். ஏழெட்டு வருசம் இப்படியே போயிற்று. அக்காவின் முகத்தில் மட்டும் எதற்கோ பசித்த மாதிரி ஒரு களை இருந்துகொண்டே இருந்தது.

முப்பத்துநாலாம் வருசம் சித்திரைத் திருவிழாவில்தான் அந்தப் பசிக்கு வழி பிறந்தது. திருவிழா என்றால் நாடகம் உண்டு. அந்தக் காலத்து நாடகத்தில் நடிகர்கள் ஒரே கம்பெனியாக வரமாட்டார்கள். மதுரையிலிருந்து ஆளுக்கொரு திசையாக, அவரவர் வேஷப் பெட்டியோடு வந்து மேடையில்தான் சந்தித்துக்கொள்வார்கள். ராஜா வேஷம் கட்டுகிறவருக்கு ராஜபார்ட் என்று பெயர். அவருக்குத்தான் மாலையும் மரியாதையும். அந்த வருசம் வந்த ராஜபார்ட் சுயம்புலிங்கம். தொண்டை என்றால் அதுதான் தொண்டை. ஒலிபெருக்கி இல்லாமலே கண்மாய்க்கரைவரை கேட்கும்.

ஊர் பாட்டைக் கேட்டது. அக்கா கிரீடத்தைப் பார்த்தாள். மரத்தில் செய்து, தகடு அடித்து, கண்ணாடி பதித்த கிரீடம். மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் சுயம்புலிங்கம் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார். தலையைத் திருப்ப வேண்டிய இடத்தில் உடம்பையே திருப்பினார். விடிந்ததும் அக்கா என்னிடம் சொன்னது பாட்டைப் பற்றி இல்லை.

"பாவம்டா, தலையில ஒரு படி நெல்லைத் தூக்கிவச்சுக்கிட்டுப் பாடுறாரு" என்றாள்.

அதற்கடுத்த மார்கழியில் வழக்கத்தைவிட நாலு மடங்கு நெட்டி வெட்டினாள். கண்மாயில் இடுப்பளவு தண்ணீரில் அவளும் மச்சானும் நின்று வெட்டியதை நான் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். அப்போது நான் தேனி – கம்பம் பஸ்ஸில் கண்டக்டர். மூன்று மாதம் வேலை நடந்தது. நெட்டியைத் தாள்போலச் சீவி, மூங்கில் சிம்பில் கட்டிய கூட்டின்மேல் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டினாள். வளைவு வளைவாகக் கொடி, கொடிக்கு நடுவில் கிளி, கிளியின் கண்ணுக்குக் குன்றிமணி அளவில் கண்ணாடி. உள்பக்கம் பருத்தித் துணி வைத்துத் தைத்து, அதற்குள் ஒரு சுருக்குக் கயிறு ஓட்டினாள். இழுத்தால் எந்தத் தலைக்கும் பிடிக்கும். முடிந்ததும் என்னிடம் கொடுத்தாள். தாம்பூலத் தட்டளவு கனம்கூட இல்லை. மூன்று தடவை சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஆனால் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தம்பிமார் புத்தி.

முப்பத்தஞ்சு சித்திரையில் மறுபடியும் சுயம்புலிங்கம்தான் ராஜபார்ட். சாயங்காலம் மேடைக்குப் பின்னால் அவர் முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருந்தபோது, கர்ணன் மச்சான் கிரீடத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேரும், சின்னச்சாமியும் அங்கே இருந்தார்கள். அக்கா தடுப்பாகக் கட்டியிருந்த சாக்குப்படுதாவுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

சுயம்புலிங்கம் கிரீடத்தை வாங்கினார். புருவம் உயர்ந்தது. தூக்கிப் பார்த்தார், சுற்றிப் பார்த்தார், விளக்கில் காட்டிப் பார்த்தார். எதில் செய்தது என்று கேட்டார். அங்கேதான் மச்சான் வாயைத் திறந்தார். வருசம் முழுக்கப் பேசாத மனுசன் அன்றைக்கும் பேசாமல் இருந்திருக்கலாம்.

"மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்குக் கட்டுவோம்ல, அந்த நெட்டிதாங்க" என்றார்.

சுயம்புலிங்கத்தின் முகம் அரிதாரத்தையும் மீறிச் சிவந்தது. ராஜபார்ட்டை மாடு என்று சொல்ல ஊரே கூடித் திட்டம் போட்டதாக நினைத்தாரோ என்னவோ. எழுந்து வெளியே வந்தார். மேடைக்குப் பக்கத்தில் எங்கள் மச்சான் வீட்டு வண்டி நின்றது, செவலைக் காளை அவிழ்த்துக் கட்டியிருந்தது. கிரீடத்தைச் செவலையின் கொம்பில் கவிழ்த்து, சுருக்குக் கயிற்றை இறுக்கி இழுத்துவிட்டார்.

"இது அவுக அவுகளுக்குச் சேரவேண்டியது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அதை ஒளிக்கப் போவதில்லை. ஒரு பக்கம் கிரீடம் சாய்ந்து தொங்க, செவலை மூக்கை விடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. சாக்குப்படுதாவுக்கு அந்தப் பக்கம் அக்கா நிற்கிறாள் என்பது சிரித்து முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

மறுநாள் காலையில் சின்னச்சாமி முற்றத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். குடும்பத்தின் பெயரை மாட்டுக் கொம்பில் தொங்கவிட்டாயிற்று, இனிமேல் இந்த வீட்டுக்குள் நெட்டி வரக்கூடாது என்றார். கணவனின் அண்ணனோடு நேரில் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து மச்சானைப் பார்த்துப் பேசினாள்.

"மாட்டுப் பொங்கலுக்கும் வரக்கூடாதான்னு அவுககிட்டக் கேளுங்க."

சின்னச்சாமி யோசித்தார். மாட்டுக்குக் கட்டாமல் இருக்க முடியுமா? மாட்டுக்கு மட்டும் என்றார்.

சரி என்றாள் அக்கா. அந்தச் சரியில் என்ன இருந்தது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

அடுத்த தை வந்தது. மாட்டுப் பொங்கலன்று அந்த வீட்டிலிருந்து ஆறு மாடுகள் தெருவுக்கு வந்தன. ஆறும் கிரீடம் போட்டிருந்தன. கொம்புக்கு நடுவே நெற்றியில் உட்காரும்படி, இரண்டு கொம்பிலும் கயிறு ஓட்டி, ஒவ்வொன்றும் ஒரு தினுசு. செவலையின் கிரீடம்தான் உயரம். அதன் உச்சியில் ஒரு மயில். சின்னச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். என்ன சொல்ல முடியும்? நெட்டி மாட்டுக்குத்தானே போயிருக்கிறது. அவர் சொன்ன வார்த்தையை அக்கா ஒரு எழுத்து மீறவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கம்பத்து மாட்டு வியாபாரி ஒருவர் செவலையைக் கிரீடத்தோடு விலைக்குக் கேட்டார். கிரீடத்துக்காகத்தான் கேட்டார் என்பது செவலைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

இதற்கிடையில் சுயம்புலிங்கம் போகிற ஊரெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நடிகர்கள் தேனியில் ரயிலைவிட்டு இறங்கி எங்கள் பஸ்ஸில்தான் ஏறுவார்கள். மாட்டுக்கிரீடத்தைத் தன் தலையில் வைக்கப் பார்த்த பட்டிக்காட்டைப் பற்றி ஒருவர் சொல்ல, மற்றவர்கள் பெட்டியில் தாளம் போட்டுச் சிரிப்பார்கள். நான் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வெளியே பார்ப்பேன். அந்தக் காளை இரவெல்லாம் தலையை ஆட்டியும், வண்டிச் சக்கரத்தில் தேய்த்தும், கிரீடம் கழலவே இல்லை, காலையில் கத்தியால் கயிற்றை அறுத்துத்தான் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். கதையின் சிரிப்பே அந்த இடத்தில்தான்.

பங்குனியில் ஒரு நாள் தேனியில் ஓர் அம்மாள் ஏறினார். நாற்பது வயது இருக்கும். கழுத்தைச் சுற்றித் துண்டு, அதற்குள் தைல வாசனை. பெயர் அன்னத்தாய். பெண்ணாக இருந்தாலும் ராஜபார்ட் கட்டுகிறவர்; மதுரைப் பக்கம் அவருக்கு நல்ல பெயர். கம்பத்தில் நாடகம் என்று போய்க்கொண்டிருந்தார்.

வீரபாண்டி தாண்டியதும் என்னைக் கூப்பிட்டார். "ஏம்பா, மாட்டுக் கொம்புல கிரீடம் மாட்டுன ஊரு இங்கனதான் எங்கயோ இருக்காமே. எந்த ஊரு?"

எனக்குச் சுருக்கென்றது. இன்னொருவர் சிரிக்க வந்துவிட்டார் என்று நினைத்தேன். தெரியாது, வேறு பக்கமாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

"அட, தெரிஞ்சாச் சொல்லுப்பா. காளை ராத்திரி பூரா ஆட்டியும் கழலாத கிரீடம்னா, அதைச் செஞ்ச கையை நான் பாக்கணும். இந்தக் கழுத்து இன்னும் ரெண்டு வருசம் தாங்காது" என்றார்.

நான் பின்படியில் போய் நின்றுகொண்டேன். சீலையம்பட்டி வந்தது, போனது. ஊர் முழுக்க அந்தக் கதையைச் சிரிப்பாகக் கேட்டிருக்கிறது. இந்த ஒரு மனுசி மட்டும் அதைக் கிரீடத்தின் கதையாகக் கேட்டிருக்கிறார். அவரிடம் போய்ப் பொய் சொல்லியிருக்கிறேன். சின்னமனூர் எல்லையில் விசிலை ஊதி வண்டியை நிறுத்தினேன். ஏலே, ஆள் யாருலே இறங்குறா என்று டிரைவர் கத்தினார்.

"அதைச் செஞ்சது என் அக்காதாங்கம்மா" என்றேன்.

கம்பத்து நாடகம் முடிந்த மறுநாளே அன்னத்தாய் மாட்டுவண்டி பிடித்து மச்சான் வீட்டுக்கு வந்துவிட்டார். நானும் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். அக்கா தொழுவத்திலிருந்து மயில் கிரீடத்தை எடுத்துவந்தாள். பொங்கலுக்குச் செவலை போட்டது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். மச்சான் அதைச் சொல்லப்போய் வந்த வினைக்குப் பயந்து மறைக்க அவள் விரும்பவில்லை. அன்னத்தாய் அதைத் தலையில் வைத்து, கயிற்றை இழுத்து முடிந்து, இடமும் வலமும் தலையைத் திருப்பினார். பிறகு குனிந்தார், நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகிறாரா என்று பார்த்தால் சிரிக்கிறார்.

அப்போதுதான் சின்னச்சாமி வயலிலிருந்து வந்தார். நெட்டி மாட்டுக்கு மட்டும் என்பது பேச்சு என்றார். ஒரு தடவை ஊர் சிரித்தது போதும் என்றார்.

அன்னத்தாய் கிரீடத்தைக் கழற்றாமலே அவர் முன்னால் போய் நின்றார். "அண்ணே, தைப் பொங்கலுக்கு அந்த மாட்டுக்குச் சூடம் காட்டிக் கும்புட்டீகளா இல்லையா? நீங்க கும்புட்டதுக்குப் போட்டதை நான் போட்டா எனக்கு என்ன கொறைஞ்சிரும்? சித்திரைக்கு உங்க ஊருக்கு நான் வாரேன். சிரிச்ச எடத்துலயே இதைப் போட்டுக்கிட்டு நிக்கிறேன்."

சின்னச்சாமி தொழுவத்துச் செவலையைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. சரி, ஆனால் இன்னொரு தடவை ஊர் சிரித்தால், நெட்டி சீவுகிற கத்தியைக் கருத்தம்மாள் தன் கையாலேயே கிணற்றில் போட்டுவிட வேண்டும், மாட்டுப் பொங்கலுக்குக்கூட இனித் தொடக்கூடாது என்றார். அக்காவுக்கு அந்தக் கத்தி எப்படி என்று எனக்குத் தெரியும். அது போனால் அவள் சாப்பிடுவாள், தூங்குவாள், களை எடுப்பாள். அவ்வளவுதான் இருப்பாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "சரின்னு சொல்லுங்க."

அன்னத்தாய்க்கு என்று புதுக் கிரீடம் செய்ய ஒரு மாதம் இருந்தது. அக்கா முடித்தாள். முடித்ததும் அதைக் கொண்டுபோய்ச் செவலையின் கொம்பில் மாட்டினாள். ஒரு பகல் முழுக்கச் செவலை அதைப் போட்டுக்கொண்டு நின்றது. சாயங்காலம் பார்த்தாள், ஓர் இடத்தில் கொடியின் ஒட்டு விட்டிருந்தது. அதைச் சரிசெய்து மறுநாளும் மாட்டினாள். இரண்டாம் நாள் ஒன்றும் விடவில்லை. இதை ஏன் செய்தாள் என்று கேட்டேன். நடிகர் தலை எவ்வளவு ஆடும் என்று அவளுக்குத் தெரியாதாம், செவலைத் தலை தெரியுமாம்.

திருவிழா வந்தது. வழக்கத்தைவிடக் கூட்டம். கதை தெரிந்து வந்தவர்கள் பாதிப்பேர். சின்னச்சாமி முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அக்கா பெண்கள் பக்கத்தில், மடியில் கையைக் கோத்துக்கொண்டு. நான் அவள் முகத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு இடத்தில் நின்றேன். போன வருசம் பார்க்காமல் விட்டது போதும்.

அன்னத்தாய் மேடைக்கு வந்தார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் கிரீடத்தில் விழுந்தது. அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தின் பின்னாலிருந்து எவனோ ஒருவன் மாடு மாதிரி "ம்மா..." என்று கத்தினான்.

சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கிப் பரவியது. ஆர்மோனியம் நின்றுவிட்டது. சின்னச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். அக்காவின் கை மடியிலிருந்து நழுவியது. எனக்கு அந்த ஆளைத் தேடிப் பிடித்துக் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது.

அன்னத்தாய் அசையவில்லை. சிரிப்பு வந்த பக்கமாக ஒரு பார்வை பார்த்தார். ஆர்மோனியக்காரருக்குக் கையைக் காட்டிவிட்டு, தொடக்கப் பாட்டை எடுத்ததே மேல் ஸ்தாயியில்தான். எந்த ராஜபார்ட்டும் கிரீடத்தைப் பிடித்துக்கொள்கிற இடம் அது. அவர் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு பாடினார். பாடிக்கொண்டே சுற்றினார். தலையை வலப்பக்கம் வெட்டினார், இடப்பக்கம் வெட்டினார். கிரீடம் தலையோடு பிறந்தது மாதிரி கூடவே போயிற்று. நெட்டி வேலையின் இடைவெளிகளில் வெளிச்சம் புகுந்து, பின்னால் தொங்கிய திரையில் கொடியும் கிளியும் நிழலாக விழுந்தன. அவர் சுற்றச் சுற்றக் கிளிகள் திரை முழுக்கப் பறந்தன.

இதை அக்காகூட எதிர்பார்க்கவில்லை. அவள் வாய் திறந்தபடி இருந்தது. சிரித்த மூலையும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் கைதட்டினார்களே, அந்த மாதிரி நான் எந்த மந்திரி வந்தும் கேட்டதில்லை.

தட்டல் அடங்கியதும் அன்னத்தாய் கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். "இதை முதல்ல போட்டது உங்க ஊருச் செவலைதான். நான் ரெண்டாவது. அது கத்துனாலும் எனக்குச் சந்தோசம்தான்."

இந்தத் தடவையும் ஊர் சிரித்தது. ஆனால் அது வேறு சிரிப்பு. சின்னச்சாமி நின்றுகொண்டுதான் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து உட்கார்ந்தார்.

காலையில் அவர் முற்றத்தில் வந்து நின்று தம்பியைக் கூப்பிட்டார். கதவுக்குப் பின்னால் கேட்கவேண்டும் என்று சத்தமாகத்தான் பேசினார். சின்னமனூருக்குப் போகிறாராம். நெட்டி சீவுகிற கத்தி மழுங்கியிருக்கும், கொடுத்தால் கொல்லரிடம் தீட்டிக்கொண்டு வருவாராம். அவ்வளவுதான் அவருக்கு வந்தது. அக்கா கத்தியைத் துணியில் சுற்றி வாசல்படியில் வைத்தாள். உள்ளே போய் நன்றாக அழுதாள்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் கொள்ளாது. அன்னத்தாய் மதுரைக்குப் போய்த் திரும்புவதற்குள் மூன்று ராஜபார்ட்டுகள் ஆள் விட்டுவிட்டார்கள். கிரீடத்தோடு தோளுக்குப் புஜகீர்த்தி, மார்புக்குப் பதக்கம், கைக்குக் கதாயுதம் என்று கேட்டார்கள். ராமுத்தாய், மூக்கம்மாள் என்று ஊர்ப் பெண்கள் ஐந்து பேர் அக்கா வீட்டுத் தொழுவத்தை ஒட்டிய கொட்டகையில் உட்கார்ந்து நெட்டி சீவினார்கள். கண்மாயில் நெட்டி வெட்டும் நாளில் சின்னச்சாமியே கரையில் நின்று, தண்டு முறியாமல் வெட்டுங்கடா என்று ஆட்களை அதட்டினார். அவர் கட்சி மாறவில்லையாம்; நெட்டியும் விளைச்சல்தானாம். என் பஸ்ஸின் கூரையில் பருத்தி மூட்டைக்கும் ஏலக்காய் மூட்டைக்கும் நடுவே கிரீடப் பெட்டி போகாத வாரம் இல்லை. அதன்மேல் எவனாவது மூட்டையைத் தூக்கி வைத்தால் நான் பேசுகிற பேச்சை இங்கே எழுத முடியாது.

முப்பத்தொன்பதில் உலகச் சண்டை வந்ததும் வெளிநாட்டு ஜிகினா வருவது நின்றுபோயிற்று. தேனிக் கடைவீதியில் ஜிகினாவும் வர்ணத்தாளும் விற்கும் சாராள் அம்மாள், கடையை மூடிவிட வேண்டியதுதான் என்று கையை விரித்துவிட்டார். அக்கா ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு என்னைப் போடிக்கு அனுப்பினாள். மலையிலிருந்து தேயிலை வருகிற மரப்பெட்டிக்குள் வெள்ளி மாதிரி ஒரு தகடு ஒட்டியிருக்கும்; உடைந்த பெட்டிகளிலிருந்து அதை உரித்து வாங்கிவரச் சொன்னாள். ஜிகினாவைவிட அது நன்றாக ஜொலித்தது. சாராள் அம்மாள் அதையே தன் கடையிலும் வாங்கி வைத்தார்.

கொட்டகை வாசலில் ஒரு பலகை தொங்கியது. 'கருத்தம்மாள், நாடகக் கிரீடம் செய்பவர்' என்று. எழுதுகிறவர் மச்சான் பெயரைப் போடட்டுமா என்று கேட்டாராம். மச்சான்தான், செய்கிறவள் பெயரைப் போடுங்கள் என்றார். ஆயுசில் அவர் பேசிய இரண்டாவது பேச்சு. முதல் பேச்சுக்கு அதுதான் பரிகாரம்.

எது மாறினாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. எந்தக் கிரீடமும் ஒரு பகல் முழுக்கச் செவலையின் கொம்பில் இருந்துவிட்டுத்தான் பெட்டிக்குள் போகும். மதுரையிலும் திண்டுக்கல்லிலும் ராஜாவாக நின்றவர்கள் எல்லாரும் செவலை போட்டுக் கழற்றியதைத்தான் போட்டார்கள். அவர்களுக்கும் அது தெரியும். செவலை பாஸ் பண்ணியதா என்று கேட்டுத்தான் வாங்குவார்கள்.

நாற்பத்துமூன்றாம் வருசம் மாசி மாதம். தண்டவாளத்தைச் சண்டைக்கென்று பெயர்த்துக்கொண்டு போய்விட்டதால் மதுரையிலிருந்தே எல்லாரும், பெட்ரோல் கிடைக்காமல் கரியை எரித்து ஓட்டிய கரிவாயு பஸ்ஸில்தான் வர வேண்டும். தேனியில் என் பஸ்ஸுக்கு மாறி ஏறினவர்களில் சுயம்புலிங்கமும் இருந்தார். தலை நரைத்திருந்தது. கழுத்தைத் திருப்பச் சிரமப்பட்டு, என்னைப் பார்க்க உடம்பையே திருப்பினார். இறங்கவேண்டிய ஊரின் பெயரைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. டிக்கெட் கொடுத்தேன். சின்னமனூரில் நானும் இறங்கிக்கொண்டேன். மீதி தூரத்துக்கு டிரைவரே டிக்கெட் போட்டுக்கொள்ளட்டும்.

கொட்டகையில் அவர் நின்றதைப் பார்த்ததும் ஐந்து பெண்களின் கத்தியும் நின்றுவிட்டது. அக்கா பாய் போட்டு உட்காரச் சொன்னாள், மோர் கொடுத்தாள், தலையை நூலால் அளந்தாள். பழசைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. மனுசன் தவித்துப்போனார்.

"நான் அன்னைக்குச் செஞ்சது..." என்று தொடங்கினார்.

பதினைந்து நாளில் வாருங்கள் என்றாள் அக்கா.

பதினைந்தாம் நாள் அவர் வந்தபோது காலைப் பொழுது. கிரீடம் தொழுவத்தில் செவலையின் கொம்பில் இருந்தது. செவலைக்கும் வயதாகிவிட்டது; இப்போது ஏரும் இல்லை, வண்டியும் இல்லை, இந்த ஒரு வேலைதான். அது அசைபோட்டுக்கொண்டு, உச்சியில் கிளி ஆட, சுயம்புலிங்கத்தைப் பார்த்தது. பொழுது சாய்ந்துதான் தருவேன், எல்லாருக்கும் அப்படித்தான், உங்களுக்கென்று தனியாகச் செய்யவில்லை என்று அக்கா சொன்னாள். அவர் மறுபேச்சில்லாமல் தொழுவத்துக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தார். பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது தானே எழுந்து வாளியைப் பிடித்தார்.

பொழுது சாய்ந்தது. மச்சான் கிரீடத்தைக் கழற்றப் போனார். அக்கா அவரை நிறுத்தினாள்.

"இருங்க" என்றாள். பிறகு சுயம்புலிங்கத்தைப் பார்த்தாள். "மொத மொத இங்கன மாட்டுனது உங்க கைதான். கழட்டுறதும் உங்க கையாவே இருக்கட்டும்."

சுயம்புலிங்கம் செவலையின் அருகே போனார். இரண்டு கையாலும் முடிச்சை அவிழ்த்தார். செவலை தலையைத் தாழ்த்திக் கொடுத்தது. கிரீடத்தை எடுத்து அப்படியே தன் தலையில் வைத்துக்கொண்டு அக்காவுக்கு முன்னால் வந்து குனிந்து நின்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் சின்னச்சாமி மூக்கைச் சிந்தினார்.

அக்கா எங்களில் யாரையும் பார்க்கவில்லை. காதுக்கு மேலே கயிறு சரியாக விழுகிறதா என்று விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இப்பத் தலையைத் திருப்புங்க" என்றாள்.

அவர் திருப்பினார்.